கேம்பல் சாப்பிட்ட கேம்பல்

பத்து வயது வரைக்கும் நான் பார்த்த கேம்பல்களுக்கெல்லாம் இறக்கை இருந்தது. மாட்டாஸ்பத்திரியில் குஞ்சாக வாங்கி வந்து அம்மா வளர்த்த காக்கி நிற வாத்துகள் அவை. எங்கள் ஊர் தலத்தெருவில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கிடையாது.

எண்பதுகளில் எங்கள் பக்கம் எண்ணெய் தேட வந்த ஒரு கம்பெனியில் சித்தப்பா ஜீப் ஓட்டினார். தினக்கூலிதான். நிரந்தரமாக்கச் சொல்லி மேலே சிபாரிசு செய்ய வேண்டியவர் ஒரு வெள்ளைக்காரர். அவரைச் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டி வந்தார். அம்மா வாத்துக்கறி வைத்திருந்தாள். எனக்கு மட்டும் தனி உத்தரவு: "வாயத் தொறந்தே, தோல உரிச்சுப்புடுவேன்."

நானும் ஒழுக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன், விருந்தாளி தன் பெயரைச் சொல்லும் வரை. மிஸ்டர் கேம்பல்!

தூக்கிவாரிப் போட்டது. "ஐயய்யோ, சாப்பிடாதீங்க! அது உங்க சொந்தக்காரங்க!" என்று அலறி, அவர் இலையிலிருந்த வாத்துக்காலைப் பிடுங்கிவிட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் நினைத்தால் எரியும். சித்தப்பா அவசரமாக, "சார்... சேம் நேம், டக்" என்றார். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு, விரலால் தன் வாயை ஒருபக்கமாக இழுத்துக் கோணிக் காட்டி ஏதோ சொன்னார்.

சித்தப்பாவுக்குச் சிறுவயதில் வாதம் வந்து வாய் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. தெருவில் அவர் பெயர் கோணவாயன். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எடுக்க மாட்டோம்.

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "சோறு போட்ட எடத்துலயே பழிச்சுக் காட்டுறானா? வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எந்திரிக்கச் சொல்லுடா அந்தாள!"

சித்தப்பா அசையவில்லை. இன்னொரு தரம் சொல்லும்படி விருந்தாளியைக் கேட்டார். அவரும் மறுபடி வாயைக் கோணி நிதானமாக விளக்கினார்.

"இருங்கண்ணே," என்றார் சித்தப்பா. "ஸ்காட்லாந்துல அவங்க பழைய பாஷையில கேம்பல்னா... கோணவாயன்னு அர்த்தமாம். பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அதான் வீட்டுப் பேராம். ஊரு பூரா இருக்காங்களாம். பிரபுவெல்லாம் இருக்காராம். பலகையில எழுதி வாசல்லயே மாட்டிக்குவாங்களாம்."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியதைத் துடைக்கவும் இல்லை. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது: இரண்டு கோணவாயன்களும் சொந்தக்காரர்கள். ஒரே ஓட்டமாகத் தெருவுக்குப் போய், சித்தப்பாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.