பாஸ்டர் வரச் சொன்னார்

இது நடந்தது. சம்பந்தப்பட்டவரே தம் வாயால் சொன்னது. மிகைப்படுத்துவது அவர் தொழில்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் பாஸ்டர் வெர்லின் டாக்கெட் குரலைத் தாழ்த்தினார். அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. அந்த ஒன்றே போதும், நம்புவதற்கு.

இன்னொன்று. நள்ளிரவு, நாய் ஊளை, மின்வெட்டு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல். சுள்ளென்ற வெயில். எதிர்ச்சாரியில் பையன்கள் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்கன்சாவில், ஓசார்க் மலையடிவாரத்துச் சிற்றூர் அது. மூடிப்போன மளிகைக் கடை ஒன்றை வாங்கிச் சபையாக்கியிருந்தார் வெர்லின். பாலும் வெண்ணெயும் அடுக்கியிருந்த இடம்தான் இப்போது பிரசங்க மேடை. ஒரு கோடையில் அங்கே புளித்த பால் வாடை வந்தது. அது பிசாசின் வாடை என்று இரண்டு வாரம் முழங்கினார். பிறகு ஒரு ஆள் வந்து மேடைக்கடியில் இருந்த பழைய வடிகாலைச் சுத்தம் செய்தான். பிசாசு போய்விட்டது.

சும்மா போதகர் என்றால் வெர்லினுக்குப் பிடிக்காது. ‘ஆவிக்குரிய யுத்தத்தின் தளபதி’ என்று விளம்பரப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். அபிஷேக எண்ணெய்க் குப்பியை இடுப்பில், துப்பாக்கி உறையில் செருகியிருப்பார். இந்தக் காலத்துப் பிசாசு எந்தெந்த வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்பது அவருக்கு அத்துப்படி. செல்போன், திகில் படம், குறி சொல்லும் சீட்டு, யோகா பாய், ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்கு முகம் செதுக்கிய பூசணிக்காய். வாசல்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கத்தான் செய்கின்றன. எல்லார் வீட்டு வாசலையும் எண்ணியவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

ஞாயிறுதோறும் பிரசங்கத்தின் உச்சத்தில் காலை ஓங்கித் தரையில் மிதிப்பார்.

“டேய் சாத்தானே! பச்சப் புள்ளைங்ககிட்ட என்னடா வீரம்? தைரியம் இருந்தா என்கிட்ட வா! சைப்ரஸ் தெரு, நானூத்திப் பதினேழு, பச்சைக் கதவு! வந்து தட்டிப் பாரு!”

சபையே எழுந்து நின்று “ஆமென்!” போடும். கேமரா அவர் முகத்தை நெருங்கும். அன்று மாலையே அந்த வீடியோத் துண்டு இணையத்தில் ஏறிவிடும்.

“தபால்காரனுக்குக்கூட நீ இவ்வளவு வெவரமா விலாசம் சொன்னதில்ல, வெர்லின்” என்றாள் மனைவி நெட்டா.

“இது யுத்தம், நெட்டா.”

“யுத்தத்துல எதிரிக்கு வீட்டு அடையாளம் சொல்வாங்களா? வேதத்துல பிரதான தூதனே பிசாசுகிட்ட வாய் கொடுக்கல. கர்த்தர் பாத்துப்பாருன்னு விட்டுட்டான். நீ என்ன, அவனுக்கு மேலதிகாரியா?”

மேலதிகாரி என்ற சொல் வெர்லினுக்குப் பிடித்திருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், ஜோலி. பதினைந்து வயது. அந்த வசந்தத்திலிருந்து பெண் வாடிப்போனாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. “வீட்ல யாரோ இருக்காங்கப்பா” என்றாள்.

வெர்லினுக்கு உடனே புரிந்துவிட்டது. மகள் ஏதோ வாசலைத் திறந்துவிட்டாள்! செல்போனைப் பிடுங்கினார். கெட்ட கனவு வராமலிருக்க ஜன்னலில் மாட்டச் சொல்லிச் சிநேகிதி கொடுத்த இறகு கட்டிய வளையத்தைக் கழற்றினார். இரண்டையும் பின்கட்டில் தகரப் பீப்பாயில் போட்டு எரித்தார். அதையும் படம் பிடித்தார். ஜோலி தேறவில்லை.

ஆகவே தளபதி முடிவெடுத்தார். வரும் ஞாயிறு, கேமரா முன்னால், மேடையில் மகளை நிறுத்தி அந்த ஆவியை விரட்டுவது.

“வேணாம்ப்பா” என்று ஜோலி அழுதாள். “ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க. அப்பறம் நான் ஜென்மத்துக்கும் வெளிய தலைகாட்ட முடியாது.”

“அது நீ பேசலம்மா. உள்ள இருக்கறது பேசுது.”

“வெக்கப்படறதுகூட பிசாசா?” என்று கேட்டாள் நெட்டா. “அப்போ உனக்குத்தான் அந்தத் தொல்லையே இல்ல.”

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது வெர்லின் வழக்கம்போல நீளமாக ஜெபித்தார். தம் ஊழியத்தைப் பற்றி, தம் போராட்டத்தைப் பற்றி, தம்மை எதிர்க்கிறவர்களைப் பற்றி. பொரித்த மீன் ஆறிப்போனது. கடைசியில் எல்லாரும் “ஆமென்” சொன்னார்கள். அந்த ஆமென் மூன்று பேர் சொன்னதைவிடச் சற்றுக் கனமாக விழுந்ததுபோல் இருந்தது. ஜோலி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

வெர்லின் அதைக் கவனிக்கவில்லை. நாளைய பிரசங்கத்தை ஒத்திகை பார்க்கச் சபைக்குக் கிளம்பிவிட்டார்.

கதவை உள்பக்கம் பூட்டினார். மேடை ஏறினார். எதிரே காலி நாற்காலிகள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“இருபது வருஷமா இருளோட கோட்டைகளை நான் இடிச்சுக்கிட்டு வரேன்...”

“ஆமென்.”

கடைசி வரிசையிலிருந்து வந்தது. ஆண் குரல். அமைதியான, மரியாதையான குரல்.

“யாரு? நம்ம சபை ஆர்வில் அண்ணனா?”

யாரும் இல்லை. ஒலிபெருக்கிக் கோளாறு என்று நினைத்து மைக்கை அணைத்தார். மறுபடி தொடங்கினார்.

“பிசாசுகள் என் பேரைக் கேட்டாலே நடுங்கும்...”

“ஆமென்.”

இப்போது நடு வரிசை.

வெர்லினுக்கு மெய் சிலிர்த்தது. பயத்தால் அல்ல. தேவதூதன் என்று நினைத்தார். தம் பிரசங்கத்தைக் கேட்கத் தேவதூதன் இறங்கி வருவது அவருக்கு அப்படியொன்றும் ஆச்சரியமாகப் படவில்லை.

உற்சாகத்தோடு வேதத்தைத் திறந்து ஆண்டவரைப் புகழும் சங்கீதம் ஒன்றை வாசித்தார்.

பதில் இல்லை.

நாற்காலி ஒன்று மட்டும் கிரீச்சிட்டது. அலுத்துப்போனவன் நெளிவதுபோல.

இயேசுவின் பெயரைச் சொன்னார். மௌனம்.

மறுபடி சொன்னார். கார் கழுவும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

“நான்...” என்று வாயெடுத்தார்.

“ஆமென்.”

இரண்டாம் வரிசை.

இது தேவதூதன் இல்லை என்று வெர்லினுக்கு இப்போது புரிந்தது. ஒத்திகையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்க தோஷம். காகிதத்தில் இருந்த அடுத்த வரியை வாய் தானாக வாசித்தது.

“நாளைக்கு... என் மகளை இந்த மேடையில நிறுத்தப்போறேன்...”

“ஆமென்... ஆமென்... ஆமென்...”

முன் வரிசை. பசித்தவன் தட்டைப் பார்த்துச் சொல்வதுபோல.

நடு நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

வாடை வந்தது. புளித்த பால்.

வடிகாலைத்தான் சுத்தம் செய்தாகிவிட்டதே...

வெர்லின் எண்ணெய்க் குப்பியை உருவினார். நூறு பேரிடம் நூறு முறை கேட்ட கேள்வியைக் கேட்டார்.

“எந்த உரிமையில வந்த? உனக்குக் கதவைத் திறந்தது யாரு?”

மெத்தை நிமிர்ந்தது.

மேடைப் படி ஒன்று முனகியது.

இன்னொன்று.

காதோரம்...

“நீங்க வரச் சொன்னீங்களே, பாஸ்டர்.”

குப்பி விழுந்து உடைந்தது. தளபதி ஓடினார். தொப்பி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம் பறக்க அவர் ஓடியதைக் கார் கழுவிய பையன்கள் பார்த்திருக்கிறார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு வீடுவரை ஓடினாராம்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. ஜோலி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நெட்டா தேநீர் ஜாடியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

வெர்லின் வாழ்க்கையில் முதன்முறையாக மகளிடம் எதையும் சொல்லாமல், கேட்டார்.

“ஜோலி... வீட்ல யாரோ இருக்காங்கன்னியே. எப்பம்மா வந்தாங்க?”

அவள் அப்பாவை நம்பாமல் பார்த்தாள்.

“ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. எனக்குக் காய்ச்சல். நீங்க ரெண்டு பேரும் சபைக்குப் போயிட்டீங்க.”

வெர்லினுக்கு அந்த ஞாயிறு நன்றாக நினைவிருந்தது. வீட்டு விலாசத்தை மேடையில் அவர் முதன்முதலாகச் சொன்ன நாள்.

“ஒருத்தர் கதவைத் தட்டினாரு. கோட்டு போட்டிருந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு. ‘பாஸ்டர் வரச் சொன்னார்’னாரு.”

“நீ...?”

“சபை ஆளுன்னு நெனச்சேன். உள்ள வாங்கன்னேன்.”

நெட்டா ஜாடியைத் தரையில் வைத்தாள்.

“அப்பறம்... எப்ப போனாரு?”

“போகலையேப்பா.”

ஜோலி சாப்பாட்டு மேசையைக் காட்டினாள்.

“சாப்பிடறப்போ உங்க நாற்காலிக்குப் பின்னாடிதான் நிப்பாரு. நீங்க ஜெபம் பண்ணி முடிச்சா அவரும் ஆமென் சொல்வாரு.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேன். நீங்க என் போனை எரிச்சீங்க.”

வெர்லின் சாப்பாட்டு மேசையருகே போனார். தம் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டார். முட்டி வலித்தது. மண்டியிட்டு வெகு நாளாகியிருந்தது. மேடையில் யாரும் மண்டியிட்டுப் பேசுவதில்லை.

“நாளைக்கு நீ மேடைக்கு வர வேணாம்மா. என்னைக்கும் வர வேணாம்.”

ஜோலி விசித்து அழுதாள். நெட்டா அவளை அணைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

“ஆண்டவரே” என்றார் வெர்லின். “நான் கூப்பிட்டுட்டேன். எனக்கு அனுப்பத் தெரியல. நீர் அனுப்பிடும்.”

அவ்வளவுதான். அவர் செய்ததிலேயே சின்ன ஜெபம்.

“ஆமென்” என்றாள் நெட்டா.

“ஆமென்” என்றாள் ஜோலி.

வேறு சத்தம் இல்லை. குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வாடை இல்லை. ஜோலி மெதுவாகத் தலையை நிமிர்த்தி நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். அந்த வசந்தத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் தோள் தளர்ந்தது.

“போயிட்டாருப்பா.”

வெர்லின் கண்ணை மூடியபடியே இருந்தார். கன்னத்தில் கண்ணீர். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது.

அப்போது ஒரு எண்ணம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. உதடுகூட அசையவில்லை. மனசுக்குள் ஓடியதுதான்.

‘என்னவொரு சாட்சி இது... நாளைக்கு மட்டும் நான் இதை மேடையில சொன்னா...’

நாற்காலிக்குப் பின்னாலிருந்து...

மரியாதையாக...

“ஆமென்.”