பக்கத்துக் கேபின்

பிரவுசிங் சென்டர் நடத்தியவனுக்கு ஊரில் இருந்த மரியாதை, சாராயக் கடைக்காரனுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. நீங்களும் அந்தத் தொழிலில் இருந்தவரென்றால் இதை விளக்க வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே என் கடை. ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. யாரும் சொல்லித் தராமல், கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்ட வேலை. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை, பகலெல்லாம் கடையில்தான்.

போட்டோ

நட்பு வலைத்தளங்கள் வந்த புதிது. பள்ளிப் பிள்ளைகள் மாலையானால் வந்து குவிவார்கள். கம்ப்யூட்டர் பெட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். உட்காருகிறவர் குணம்தான் வேறு. சில பிள்ளைகள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று திறந்து பார்த்து, இல்லையென்றதும் முகம் வாடி எழுந்து போவார்கள். பிளஸ் ஒன் படித்த கார்த்திக் வேறு ரகம். யாருடைய பைக் மேலோ உட்கார்ந்து எடுத்த போட்டோவைத் தினமும் மாற்றுவான். பரீட்சை நாளிலும் வந்து நின்றவனை, போய்ப் படி என்றேன்.

"எத்தினி பேர் பாத்தாங்கன்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் சார்."

ரயில் பையன்

அதே வகுப்பில் தினேஷ். அப்பாவுக்கு இரும்பு உருக்கு மில்லில் வேலை. பையனுக்குத் திக்குவாய். எந்தக் கேபின் வேண்டும் என்பதைக்கூட விரலால்தான் காட்டுவான். ஆனால் அந்தத் தளத்தில் ரயில் பிரியர்களுக்கென்று அவன் ஒரு குழு நடத்தினான். நம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் வண்டிகளை, எது எப்படிக் கூவும், எது வளைவில் எப்படி ஆடும் என்று எழுதுவான். முகம் தெரியாத ஊர்க்காரர்கள் அவனிடம் சந்தேகம் கேட்டார்கள். இவ்வளவையும் நேரில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"இ... இங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க சார்."

ஜாலி

கார்த்திக் அந்தக் குழுவைக் கண்டுபிடித்துவிட்டான். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தினேஷுக்கு அடுத்த கேபினிலேயே உட்கார்ந்து, அந்தக் குழுவின் பக்கத்தில் தினேஷ் திக்குவதைப் போலவே எழுத்துக்களை அடுக்கி எழுதினான். தடுப்புக்கு இந்தப் பக்கம் தினேஷ் அதைப் படிப்பதைப் பார்த்த அதே நேரத்தில், அந்தப் பக்கம் இவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்டது. ஐந்து பேரையும் வெளியே அனுப்பினேன். அவர்கள் வேறு கடைக்குப் போய் எழுதினார்கள். அதன் பிறகு தினேஷ் பள்ளிக்குப் போகாமல் காலையிலேயே வந்து நின்றான். ரயிலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து திறந்து பார்த்தான். நான் இடம் தர மறுத்தால் ஸ்டேஷன் பக்கத்தில் இன்னொரு கடை இருந்தது. கார்த்திக்கை பஜாரில் பிடித்துக் கேட்டேன்.

"ஜாலிக்கு சார். அவனே சிரிச்சிக்கினுதான் இருந்தான்."

நல்ல பையன்

பையனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் என்று வகுப்பு வாத்தியார் சொல்லியனுப்ப, தினேஷின் அப்பா ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். நடந்ததைச் சொன்னேன். "மிஷின் இருந்தாத்தான எழுதுவானுங்கோ? படிச்சிக் கிழிச்சது போதும். மில்லுக்கு வரட்டும்" என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். தினேஷின் படிப்பே போகிறது, ஒரு வார்த்தை அவன் அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். எழுதியது யார் என்றும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"கார்த்திக் நல்லா படிக்கிற பையன் சார், அவன் பேர இதுல இழுக்காதீங்க."

ஒரு பக்கம்

தினேஷ் மில்லில் சேர்ந்தான். வார லீவு நாள் ஒன்றில் கடைக்கு வந்தான். கையில் கரி போகவில்லை. குழுவை மூடிவிடச் சொன்னான். வேண்டாமே என்றேன், மூடத்தான் வேண்டும் என்பதுபோல் தலையை ஆட்டினான். அழிப்பதற்கு முன் ஓர் இடத்தில் விரலை வைத்தான். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எழுதியிருந்த நாலு வரி அது. நீ எழுதினால் எனக்கு மறுபடி வண்டியில் நிற்பதுபோல் இருக்கிறது தம்பி, நிறுத்தாதே, படித்து ரயில்வேக்கு வா என்று எழுதியிருந்தார்.

"இ... இத மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க சார், எ... எங்க நைனாவாண்ட காட்டணும்."

பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் கெடுக்கிறது என்று என் கடை வாசலில் வந்து கத்தியவர்களில் ஒருவர்கூட, பக்கத்துக் கேபினில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டதே இல்லை.