ரெண்டு வூட்டு நாடகம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க ஈரக் களிமண் வாசனையும் புளிச்சோற்று வாசனையும் கலந்து கிடக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் "கம்பெனி"யிலிருந்து, முழங்கை வரை வெள்ளையாய்க் காய்ந்த மண்ணோடு நான்கைந்து பெண்கள் ஓடிவந்து, டிவி முன்னால் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். அப்போது ஓடிய தொடரில் ஒரே மனிதனுக்குக் கும்பகோணத்தில் ஒரு குடும்பம், பினாங்கில் இன்னொரு குடும்பம். அதன் நிஜப் பெயரை யாரும் சொன்னதில்லை. எங்கள் தெருவுக்கு அது "ரெண்டு வூட்டு நாடகம்".

அந்தப் பெண்களில் ஒருத்தி கலாவதி அத்தை, அப்பாவின் தங்கை. மாமா மலேசியாவுக்கு வேலைக்குப் போனபின் எங்களோடுதான் இருந்தாள். வாரந்தோறும் வந்த ஃபோன், பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்து, அதுவும் நின்றுபோயிருந்தது. மற்றவர்கள் கும்பகோணத்து மனைவிக்காக மூக்கைச் சிந்தும்போது அத்தை மட்டும், "பாருங்களேன், கடைசில இவகிட்டதான் வருவான்" என்று சாதிப்பாள்.

ஒரு கோடை விடுமுறையில், நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாமாவோடு வேலை பார்த்துத் திரும்பியிருந்த வேப்பூர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "மறைக்க மனசு வரலீங்க. அங்க இன்னொரு பொண்ணோட குடும்பம் நடத்துறாரு. கொழந்த இருக்குது" என்றார். அம்மா டிவியை அணைக்க எழுந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி, முடியட்டும்" என்றாள் அத்தை.

யாரும் சோற்றில் கைவைக்கவில்லை. விளம்பரங்கள் உட்பட எல்லாவற்றையும் பார்த்து முடித்து, முகம் கழுவிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

சில மாதங்கள் கழித்து, நாடகத்துக் கணவன் விமானம் ஏறி வந்து முதல் மனைவியின் கையைப் பிடித்து அழுதான். கூடமே விம்மியது. அத்தை அன்று இல்லை. வேப்பூர்க்காரர் வந்துபோன மறுநாளிலிருந்தே அவள் கம்பெனிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியே சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

இப்போது அந்தக் கம்பெனி மூடிக்கிடக்கிறது. கூடி அழுத பெண்கள் அவரவர் கைபேசியில் தனித்தனியாக நாடகம் பார்க்கிறார்கள். அத்தை என்னோடு இருக்கிறாள். போன மாதம் மலேசியாவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"பெரியம்மாங்களா? அப்பா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலதான் உங்களப் பத்திச் சொன்னாங்க."

"அதுக்கு முன்னாடி?" என்று அத்தை கேட்டாள்.

"ஒண்ணும் சொன்னதில்ல, பெரியம்மா."

எதிர்முனையில் அந்தப் பெண் தேம்பத் தொடங்கினாள். அத்தை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"பாவம், அழுவுது. நீ பேசு. எனக்கு அழுவ வரல."