பரீட்சைக்கு மட்டும்

என் மகள் படிக்கும் அமெரிக்கப் பள்ளியில் எதற்கெடுத்தாலும் ஒரு தாள் வரும். பூசணித் தோட்டத்துக்கு அழைத்துப் போகலாமா, கடலை சேர்ந்த தின்பண்டம் கொடுக்கலாமா, போட்டோ எடுக்கலாமா என்று கேட்டு, அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. வந்த புதிதில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து, கணவரிடமும் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மியூசியம் சுற்றுலாவுக்கு வந்த தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எலும்புக்கூடுகள் உள்ள கூடத்தில் பரிணாமம் பற்றிப் பேசுவார்கள், விருப்பமில்லாதவர்கள் எழுதிக்கொடுத்தால் பிள்ளையை வேறு இடத்தில் உட்கார வைப்போம் என்றது. நான் சிதம்பரத்தில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவள். அந்தத் தாளைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒரு பாடத்தைக் கேட்கலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்கும் ஊர் எனக்குப் புதிது.

அந்த வருடம் நாங்கள் இருந்த அமெரிக்க ஊரில் அதே விஷயம் பெரிதாகிக் கொண்டிருந்தது. உயர்நிலைப் பள்ளியின் உயிரியல் புத்தகத்தில், பரிணாமம் ஒரு கருத்து மட்டுமே, உறுதியான உண்மை அல்ல என்று ஒரு துண்டுச்சீட்டு ஒட்ட வேண்டும் என்று பள்ளிக் குழுவில் சிலர் சொன்னார்கள். ஒட்டினால் வழக்குப் போடுவோம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேறு மாநிலங்களில் இது கோர்ட்டு வரைக்கும் போயிருந்தது. பக்கத்து வீட்டு கேரன், என் மகளின் தோழியுடைய அம்மா, சீட்டு வேண்டாம் என்கிற பக்கம். நான் விலங்கியல் டீச்சராக இருந்தவள் என்று தெரிந்ததும், பொதுக்கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். விசாவில் இருக்கிறோம், ஊர் வம்பு எதற்கு என்றார் கணவர். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனாலும், கேட்டவருக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாததால் போனேன்.

எனக்கு முன்னால் பேசியவர் சீட்டு வேண்டும் என்கிற பக்கம். லாரி ஓட்டுபவராம். பள்ளியில் அந்தப் பாடத்தைப் படித்ததற்குப் பிறகு தன் மகன் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார மறுக்கிறான் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொண்டுபோனது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "எங்கள் நாட்டிலும் பக்தி நிறைய உண்டு. ஆனால் இந்தப் பாடத்துக்கு எங்கள் ஊரில் தகராறே வந்ததில்லை" என்றேன். பாதிக் கூடம் கைதட்டியது. உங்கள் நாடு எவ்வளவு திறந்த மனதுள்ள நாடு என்று கேரன் என்னைக் கட்டிக்கொண்டார். நான் சிரித்தேன். தகராறு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

படிப்பு முடித்ததும் கடலூரில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் இரண்டு வருடம் பிளஸ் டூ விலங்கியல் எடுத்தேன். பரிணாமப் பாடம் வருவதற்கு முந்தின வாரம் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, போன வருஷம் ஒரு அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், பார்த்து நடத்துங்கம்மா என்றார். அவ்வளவுதான். நடத்தாதே என்று அவர் சொல்லவில்லை. பயந்தது நான். எந்தக் கேள்விகள் அடிக்கடி வரும் என்று பழைய வினாத்தாள்களைப் பார்த்து, அந்தப் பாடம் முழுவதையும் ஒரே பீரியடில் நான்கு விடைகளாகச் சொல்லி எழுத வைத்தேன்.

அப்போது இரண்டாம் பெஞ்சிலிருந்து அமுதா எழுந்தாள். அவள் அப்பா சிப்காட் ரசாயன ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் நடத்துபவர்.

"மிஸ், வீட்டுல வேற மாதிரி சொல்றாங்க. இது நெஜமா மிஸ், இல்ல பரீட்சைக்கா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பரீட்சைக்கு மட்டும்தான். எழுதிட்டு மறந்துடு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தோம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்த லாரிக்காரருக்குக் குரல் உடைந்ததைக் கேட்ட பிறகுதான் பெருமை போயிற்று. அங்கே இரண்டு பக்கத்துக்காரர்களும், புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளை நம்பிவிடும் என்று நினைத்துத்தான் சண்டை போட்டார்கள். நானோ அறிவியலையும் அமுதாவுடைய அப்பாவின் சாமியையும் ஒரே வரியில் மதிப்பெண்ணுக்குக் கீழே வைத்தேன்.

அந்தப் பொதுக்கூட்டம் நடந்து இரண்டு வருடம் கழித்து ஜூலை மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நான் வந்திருப்பது தெரிந்து அமுதா போன் செய்தாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் அவளும் விலங்கியல் டீச்சர். வந்து பார்த்துவிட்டுப் போங்க மிஸ் என்றாள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சிப்காட் நெடி வந்ததும் எல்லோரையும் போல நானும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, நினைவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வழி முழுக்க அதே யோசனை.

அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஸ்டாஃப் ரூமில் டீயை என் முன்னால் வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னதத்தான் மிஸ் நானும் புள்ளைங்களுக்கு சொல்றேன். நெஜமா பொய்யான்னு மண்டைய ஒடச்சிக்காதீங்க, பரீட்சைக்கு மட்டும் எழுதுங்கன்னு. அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"அமுதா, அன்னைக்கி நான் சொன்னது தப்பு. நீ நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னு கேட்ட. நான் பயந்துகிட்டு அப்பிடி சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அமெரிக்கா போனவங்க எல்லாம் இப்பிடித்தான் பேசறாங்க மிஸ். அங்க கோர்ட்டு கீர்ட்டுன்னு போவாங்க. இங்க நாங்க பொழைக்க வேணாமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க நெஜம்னு சொல்லியிருந்தா நான் வீட்டுல போயி கேட்டிருப்பேன். அப்பா அதோட படிப்ப நிறுத்தியிருப்பாரு. நீங்க நல்லதுதான் செஞ்சீங்க."

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். என்னைச் சங்கடப்படுத்தாமலிருக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். உன் வகுப்பில் இப்போது யாராவது எழுந்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து பாடம் எடுக்கிறாள் என்று தோன்றிவிடுமோ என்று அதைக் கேட்காமல் டீயைக் குடித்து முடித்தேன். அங்கே கூட்டத்தில் எழுந்து இந்தியாவின் பெயரால் பேசியவள், இங்கே என் மாணவிக்கு முன்னால் வெளியூர்க்காரியாக உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. கிளம்பும்போது வாட்ச்மேன் பார்வையாளர் நோட்டை நீட்டினார். ஊர் என்ற கட்டத்தில் மஞ்சக்குப்பம் என்று எழுதினேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அமுதா, "அமெரிக்கான்னு போடுங்க மிஸ், ஹெச்.எம். பாத்தா சந்தோஷப்படுவாங்க" என்றாள். மஞ்சக்குப்பத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் அமெரிக்கா என்று எழுதினேன். கட்டம் சிறியது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி, நான் நிரப்பாமல் விட்டிருந்த ‘வந்த காரியம்’ என்ற கட்டத்துக்குள் போய் நின்றது.