பஹீஜா அணை பார்க்கக் கிளம்பிய நாள்

என் மனைவி பஹீஜாவுக்கு நான் அறுபது பவுண்டு கடன்பட்டிருந்தேன். எங்கள் நிக்காஹ் தாளில் எழுதிய பாக்கி மஹர் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரில் பாதியைக் கல்யாணத்தன்று கொடுத்துவிட்டு மீதியைத் தாளில் எழுதி வைப்போம். தலாக் சொன்னால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் செத்த பிறகு அவன் சொத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் கொடுத்தவனை நான் பார்த்ததில்லை. கேட்டவளையும் பார்த்ததில்லை.

நான் அப்துர் ராதி. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பதினாறு வயதில் ஸோஹாகிலிருந்து வெறுங்காலோடு அஸ்வானுக்கு வந்து, பெரிய அணையில் பாறை துளைக்கும் வேலையில் சேர்ந்தேன். இன்று இந்த ஊரில் என் பெயரில் மூன்று வேன் ஓடுகிறது. அணையைக் கட்டியது ரஷ்யாக்காரன் என்று ஊரார் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மேற்குக் கரைப் பாறையைக் கேட்டால் என் பெயரைச் சொல்லும்.

பஹீஜா தராவ் ஒட்டகச் சந்தைத் தரகரின் மகள். எட்டு வயதிலேயே பல்லைப் பார்த்து ஒட்டகத்தின் வயதைச் சொல்வாளாம். பதினாறில் என்னைக் கட்டினாள். அணை வேலை முடிகிற வரை இரண்டு வருடம், வெயிலில் புளிக்க வைத்துச் சுடுகிற எங்கள் ரொட்டியை நாளைக்கு நூறு சுட்டு லாரிக்காரர்களுக்கு விற்றாள். முதல் வண்டியை நான் என் சொந்த உழைப்பில் வாங்கினேன். அவள் வளையல் நான்கு அதில் போனது உண்மைதான். ஆறு பிள்ளை பெற்றாள், நான்கு தங்கியது. வீட்டிலிருந்து அணை பதின்மூன்று கிலோமீட்டர். ஐம்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. "நீங்க சொல்லிச் சொல்லியே பார்த்தாச்சு" என்பாள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு காலை, அவித்த மொச்சையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தசூகி அப்பா, என்னை அணைக்குக் கூட்டிட்டுப் போங்க." தசூகி எங்கள் மூத்த மகன்.

"என்னத்துக்கு?"

"பார்க்கத்தான். ஊரு உலகமெல்லாம் வந்து பார்க்குது, நான் பார்க்கக் கூடாதா?"

"எப்போ?"

"வியாழக்கிழமை."

அங்கேதான் எனக்கு முள் தைத்தது. வியாழக்கிழமை மாலைதான் நாலாவது வேனுக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தேன். நாற்பதாயிரம். பாங்கை நம்பிக் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பணம் அங்கிக்குள் போடுகிற கைவைக்காத சட்டையின் உள்பையில்தான் இருக்கும். அந்தப் பையைத் தைத்தவள் பஹீஜா.

மருமகள்களையும் கூட்டிப் போகலாமே என்றேன்.

"வேணாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. டீக்கடையில் ஷாதுலியிடம் சொன்னேன். அவன் என்னோடு பாறை துளைத்தவன், வாயும் அதே துளைப்பான் மாதிரி.

"பொண்டாட்டி தனியா வெளிய கூப்பிட்டா ஒண்ணு டாக்டர்கிட்ட, இல்ல வக்கீல்கிட்ட," என்றான். "உன் உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப வக்கீல்தான். அவ அக்கா விஷயம் நடந்ததுலேருந்து பொம்பளைங்க எல்லாம் பாக்கி மஹரப் பத்தித்தான் பேசறாங்க. அதைக் கேக்கறவளுக்கு ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியன்னு வச்சுக்க."

"போடா, கிழவா" என்றேன். ஆனால் பாதி டீயைக் கிளாஸிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

புதன்கிழமை அவள் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். அவளுடைய கம்பளிச் சால்வையைக் காணவில்லை. சுட்டெரிக்கிற ஊரில் சால்வையை எடுத்து வைப்பவள் எங்கே போகப் போகிறாள்? அன்று மாலை அவள், தராவுக்குப் பக்கத்தில் கொம் ஓம்போவில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "சரி, அப்புறம்" என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை புதுக் கறுப்பு உடுப்பு. கக்கத்தில் நான் பார்த்திராத ஒரு பை. "குடு, நான் வச்சுக்கறேன்" என்றேன். "கனமில்ல" என்று இன்னும் இறுக்கிக்கொண்டாள். வேனை நானே ஓட்டினேன். கண் பாதி சாலையில், பாதி அந்தப் பையில்.

அணை வாசலில் டிக்கெட் கேட்டார்கள்.

"கட்டினவன்கிட்டயே டிக்கெட்டா?" என்றேன்.

"கட்டினவங்க தினமும் பத்து பேரு வர்றாங்க, ஹாஜி. பணத்தை எடுங்க."

மேலே காற்று பிய்த்தது. ஒரு பக்கம் கடல் மாதிரி ஏரி, மறு பக்கம் கீழே ஒடுங்கி ஓடும் நைல். நான் கையை நீட்டி, எந்தப் பாறையில் எத்தனை பேர் விழுந்தார்கள், நான் எப்படி விழவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பஹீஜா பாறையைப் பார்க்கவில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பார்த்தாள். அவனுக்கு இருபதடி தள்ளியிருந்த கல் பெஞ்சைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து, பையைத் திறந்தாள். சால்வை வந்தது. தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்து மடித்த ஒரு பழைய தாள் வந்தது.

"அறுபது பவுண்டு. எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி."

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது? எந்த வக்கீலு?" என்று கத்திவிட்டேன்.

சிப்பாய் வந்துவிட்டான். "ஹாஜி, இங்க சத்தம் போடக் கூடாது. ஏதாவது தகராறா?"

"ஒண்ணுமில்ல மகனே," என்றாள் பஹீஜா. "அணையைக் கட்டினது இவருதான். அதைத்தான் சொல்லிட்டிருக்காரு."

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

"இதுக்குத்தான் இங்க வந்தேன்," என்றாள். "வீட்டுல கேட்டிருந்தா மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்திட்டு டீக்கடைக்குப் போயிருப்பீங்க. இங்க கத்தவும் முடியாது. பணமும் உங்க நெஞ்சுல இருக்கு."

ஆக, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் நடந்திருக்கிறது. குரலை இறக்கிக் கேட்டேன். "வாங்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிடுவியா?"

"போறவ அணைக்கா வருவா? ரயில் ஸ்டேஷனுக்குல்ல போயிருப்பா."

"பின்ன மககிட்ட என்ன குசுகுசுன்னு பேச்சு?"

"ஒட்டகம் இன்னிக்கு என்ன வில விக்குதுன்னு மருமகன்கிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் தன் அக்கா இன்ஸாஃபைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். போன பனிக்காலத்தில் இன்ஸாஃபின் புருஷன் இறந்தார். சொத்துப் பிரிக்கிற அன்று, அவள் பெற்ற மகன்களே தாளைப் பார்த்து, எழுதியிருந்த நாற்பது பவுண்டை எண்ணி டீத் தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினார்கள். ஊர்ப் பெரியவர்கள் நிறைந்த கூடத்தில். இரண்டு கிளாஸ் டீக்குக் காணாத பணம். அவள் அதை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

"அன்னிக்கு அந்தக் கூடத்துல ஒரு ஆளு சிரிச்சாரு," என்றாள் பஹீஜா. "யாருன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான்தான்.

"என் மகனுங்க முன்னால நான் கை நீட்ட மாட்டேன். நீங்க உசிரோட இருக்கறப்ப, உங்க கையாலயே குடுங்க."

என்னிடமா பேரம்? அங்கிப் பையிலிருந்து மூன்று இருபது பவுண்டுத் தாளை எடுத்து நீட்டினேன். "இந்தா, அறுபது."

அவள் தொடவில்லை. "அன்னிக்கு அறுபதுக்கு எங்கப்பா சந்தையில என்ன வாங்குவாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"நல்ல ஆண் ஒட்டகம் ஒண்ணு. அதைத்தான் இந்தத் தாள்ல எழுதினாரு. இன்னிக்கு அது அம்பதாயிரம்."

"நொண்டி ஒட்டகம்னா முப்பதுக்கே கிடைக்கும்."

"எங்கப்பா நொண்டிக்கா பொண்ணு குடுத்தாரு?"

"எனக்குத்தானே குடுத்தாரு."

அவள் சிரித்துவிட்டாள், சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு. "அப்ப சரி, நொண்டி விலையே போடுங்க. முப்பத்தஞ்சு."

"முப்பதுன்னுதானே சொன்னேன்!"

"பல்லு இருக்கே இன்னும். அதுக்கு அஞ்சு."

நாலாவது வேன் என் கண் முன்னால் ஓடிப்போய் மறைந்தது. ஸோஹாகிலிருந்து வந்த நாள் முதல் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தராவில் விலை முடிந்தால் தரகர் கையைப் பிடித்து மூன்று முறை குலுக்குவார். பஹீஜா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிடி அவள் அப்பாவுடையதேதான்.

பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் உள்பையிலிருந்து பணக்கட்டை எடுத்தேன். எல்லாம் இருநூறு பவுண்டுத் தாள். விரலை நக்கி ஒவ்வொன்றாக வைத்தேன். காற்றில் பறக்காமல் அவள் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டாள். சிப்பாய் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். நூற்று எழுபத்து நாலோடு நிறுத்தி மீதிப் பணத்தை மடித்தேன்.

அவள் கையை மூடவில்லை.

"ஒண்ணு குறையுது, தசூகி அப்பா."

"எண்ணினியா?"

"நீங்க எண்ணினதையும் சேர்த்து ரெண்டு தடவ."

நூற்று எழுபத்தைந்தாவது தாளையும் எடுத்து அவள் கையில் வைத்தேன்.