பெரியம்மா போட்ட கோடுகள்

என் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. தேதி மட்டும் போடத் தெரியும். பழைய தந்தி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பெருக்கித் துடைத்தாள். அலுவலகத்தை மூடிய பிறகும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையை அவளுக்கு விட்டிருந்தார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். "ராஜாவே வந்தாலும் எனக்குத் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் உள்ள வரணும்" என்பாள். பிள்ளை இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

அறைக்கு நேர் மேலே, படிக்கட்டுச் சுவரில் கூரைவரை ஒரு விரிசல். தூங்கும்போது தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவைப்பாள். சுவர் அசைந்தால் கோட்டின் இரண்டு பாதியும் நேர் தப்பிவிடும். அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவதென்று முடிவு. பதினான்கு வருஷத்தில் ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் வீட்டுக்கு வந்து அழுதாள். பார்வையிட வரும் பொறியாளரிடம் கோடுகளைக் காட்டச் சொன்னது நான்தான். அந்தப் பொன்னான யோசனைக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். அவர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். சுவர் திடமாக இருக்கிறது, பழுதுபார்த்துப் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுத்தார். அன்றைக்குப் பெரியம்மா சிரித்த சிரிப்பைப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

கட்டடம் பிழைத்தது. வேலை தொடங்குமுன் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். முடிந்ததும் திரும்பி வரலாமா என்று கேட்டாள். இனிமேல் கட்டடத்தை எடுத்து நடத்தப்போகும் கம்பெனியின் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பதில். கல்லுக்கும் கதவுக்கும் இரக்கப்பட்டவர்கள் கண்ணில் அவள் படவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவளைக் கெடுத்தது என் வாய்.

திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் கழித்து இருவரும் டிக்கெட் எடுத்துப் போனோம். கீழே கண்காட்சி, மாடியில் காபிக் கடை, உட்கார இடமில்லாத கூட்டம். அவள் அறை கழிப்பறையாகியிருந்தது. கோடுகள் இருந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பொறியாளர் போட்ட குறிகள் என்று வழிகாட்டிப் பெண் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மா என் கையை அழுத்திப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"கோடெல்லாம் நேர் தப்பியிருக்குடி. நூல் அளவு."

மாடியில் அத்தனை பேர் இருக்கிறார்களே, இறங்கிப் போய்ச் சொல்வோம் என்று எழுந்தேன். அவள் நகரவில்லை.

"போன தடவை சொன்னதுக்குத்தான் உன் வீட்டுக் கூடத்துல படுத்துக்கிடக்கேன். வேணும்னா நீ போய்ச் சொல்லு. உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அங்க பெருக்கினவ சொன்னான்னு சொல்லுவியா?"

பஸ் கிளம்பிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.