பாதி திறந்த த்ரொட்டில்

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் நான் வேலை செய்த கராஜுக்கு, கொம்பியூட்டர் வைத்த எஞ்சினோடு ஒரேயொரு கார்தான் வந்துபோனது. மற்றதெல்லாம் காபரேட்டர் வண்டிகள். வயர், டைனமோ, பற்றரி என்று எலெக்ட்ரிக் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. அதனால் முதலாளி அந்தக் காரையும் என் தலையில் கட்டினார்.

கார் அருளப்பு அண்ணையுடையது. முள்ளிவாய்க்காலில் கடற்தொழில் செய்தவர். இடம்பெயர்ந்து வந்து, பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். முந்தின மாரியில், குறுக்கே வந்த எருமைக்கு விலத்தப் போய்க் கார் வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. அவரும் மனைவி றீற்றா அக்காவும் கதவைத் திறக்க முடியாமல் இடுப்பளவு தண்ணீரில் இருந்திருக்கிறார்கள். வயலில் நின்றவர்கள் ஓடிவந்து இழுத்தெடுத்தார்கள். பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் எஞ்சின் கொம்பியூட்டருக்குள் தண்ணீர் போய், அது செத்துவிட்டது.

அதே மாதிரிக் கொம்பியூட்டர்ப் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. அண்ணை கொழும்பில் தேடி வேறு கொம்பனி செய்த பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பல எஞ்சின்களுக்குப் பூட்டலாம். எப்போது எவ்வளவு பெற்றோல் விடுவது, எந்த நேரம் பொறி அடிப்பது என்பதையெல்லாம் பூட்டுகிறவன்தான் சின்னச் சின்னத் திருகுகளால் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பூட்டி ஸ்ரார்ட் பண்ணியதும் எஞ்சின் இரைச்சலில்லாமல் ஓடியது. பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குக் காற்று விடுகிற கதவான த்ரொட்டிலைக் கையால் இழுத்தால் துள்ளி எழும்பியது. வீதியில் இறக்கினால் மட்டும் இழுவை இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு சின்ன ஏற்றத்தில்கூட லொறிக்குப் பின்னால் ஊர்ந்தது.

பெற்றோலைக் கூட்டினேன். குறைத்தேன். பொறி அடிக்கும் டைமிங்கை முன்னே தள்ளினேன். பிளக், பில்ற்றர், பம்ப், சைலன்சர் எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று. முதலாளி பொறுமை இழந்தார். "உந்தப் பெட்டியை எறிஞ்சுபோட்டுக் காபரேட்டர் ஒண்டைப் பூட்டிவிடு" என்றார்.

சோதனை ஓட்டம் காலையில்தான். ஆமிக்காரரின் சென்றி திறந்ததும் குளக்கட்டுப் பக்கம் போவோம். குளம் முழுவதும் பனிப்புகார் மூடியிருக்கும். கொக்குகள் நிற்பது தெரியாது, அவை பறக்கும்போதுதான் வெள்ளையாக ஏதோ அசையும். கண்ணாடியில் ஈரம் வழியும். மடியில் மின் அளக்கும் மீற்றரை வைத்துக்கொண்டு முள் ஆடுவதையே பார்த்திருப்பேன். எஞ்சினின் ஒரே சீரான முனகலில் கண் சொக்கும். வீட்டில் படுத்தாலும் அந்த முள் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். றீற்றா அக்கா ஒவ்வொரு முறையும் பின் சீற்றில் வருவா. அண்ணையைத் தனியே விடமாட்டா. செபமாலையைக் கையில் சுற்றியபடி இருப்பா.

ஒரு காலை நானும் அண்ணையும் காருக்கு வெளியே நின்றபோது அவர் மெல்லச் சொன்னார். இந்தக் கிழமைக்குள் சரிவராவிட்டால் காரை விற்றுவிட்டு, ஆமியிடம் பாஸ் எடுத்து ஊருக்குப் போய்த் திரும்பவும் கடலில் இறங்கப்போகிறாராம். அந்த நாட்களில் அந்தக் கடலில் இறங்கியவர்களை நேவி சுட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார்.

அன்றைக்குக் குளக்கட்டில் காரை நிறுத்தி, த்ரொட்டில் சென்சரில் மீற்றரைக் கொழுவினேன். கால் எவ்வளவு மிதிக்கிறது என்று கொம்பியூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சர்தான். அண்ணையை முழுக்க மிதிக்கச் சொன்னேன். முள் பாதியில் நின்றது. கையால் இழுத்துப் பார்த்தேன். முள் கடைசி வரை போனது.

கராஜில் எப்போதும் கையால் இழுத்தேன். வீதியில் கால் மிதித்தது. கைக்குத் திறந்த கதவு காலுக்குப் பாதிதான் திறந்தது. அப்படியென்றால் பிழை பெட்டியில் இல்லை.

அண்ணை தேத்தண்ணி வாங்கக் கடைப்பக்கம் போனதும் குனிந்து பெடலடியில் விரித்திருந்த காபெற்றைத் தூக்கினேன். பெடலுக்குக் கீழே ஒரு வேப்பங்கட்டை. அளவாகச் சீவி, சத்தம் வராமல் துணி சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அதை எடுக்காதேங்கோ, தம்பி" என்றா அக்கா பின்னாலிருந்து.

நசுங்கிய தகர வேலை முடிந்து, பெட்டி கிடைக்கும்வரை கார் வீட்டில் நின்ற நாட்களில் அவாதான் வைத்திருக்கிறா. விபத்துக்குப் பிறகு பெடல் இப்படித்தான் என்று அண்ணை நினைத்துவிட்டார்.

"கண்ணை மூடினா இப்பவும் வாய்க்கால் தண்ணிதான் தெரியுது. இவர் மெதுவாப் போனாக் காணும் எண்டு நினைச்சன்."

அண்ணை சொன்னதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கார் இழுக்காவிட்டால் அவர் கடலுக்குப் போகப்போகிறார் என்றேன். "கடலுக்கோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு செபமாலையைக் கழற்றிச் சீற்றில் வைத்தா.

அண்ணை தேத்தண்ணியோடு வந்தார். அக்கா இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றா.

"கார் இழுக்காதது என்னாலைதான். பெடலுக்குக் கீழை நான்தான் கட்டை வச்சனான்."

அண்ணை பிளாஸ்ரிக் கப்புகளை நிலத்தில் வைத்துவிட்டு, குளக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கப் ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். புகார் கலைந்து, அக்கரையில் மாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

"அவ்வளவு பயமோ?"

"ஓம்."

"எனக்கும் பயம்தான். ஸ்ரியறிங்கைப் பிடிச்சா அந்த எருமைதான் முன்னாலை நிக்குது. உன்னட்டை அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமத்தான் காரை வித்திட்டுக் கடலுக்குப் போவம் எண்டு நினைச்சனான்."

அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா. நான் பொனற்றுக்குள் தலையை விட்டு, இல்லாத ஏதோ வயரைத் தேடினேன்.

கட்டையை நானே வெட்டியெடுத்தேன். அந்தப் பெட்டியில் இன்னொரு திருகு இருந்தது. எஞ்சின் குறிப்பிட்ட சுற்றுக்கு மேலே போனால் பெற்றோலை நிறுத்தும். அதைக் கீழே இறக்கி வைத்தேன். "இழுவை இருக்கும், பறக்க விடாது. காணுமோ?" என்று இருவரையும் கேட்டேன். காணும் என்றார்கள். பிறகு பெற்றோலையும் டைமிங்கையும் முதலிலிருந்து திருகி அமைத்தேன். இந்த முறை ஒவ்வொரு திருகுக்கும் எஞ்சின் பதில் சொன்னது.

பிறகு எத்தனையோ கொம்பியூட்டர் கார்கள் என் கைக்கு வந்தன. இழுவை இல்லை என்று யார் வந்தாலும் பெட்டியில் கை வைப்பதற்கு முன் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, த்ரொட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று பார்ப்பேன். காரில் கூட வருகிறவர்களிடமும் இரண்டு வார்த்தை கதைப்பேன். என்னோடு வேலை பழகியவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

கட்டையை எடுத்த அன்றைய கடைசி ஓட்டத்தில் அக்கா முன் சீற்றில் ஏறினா. நான் பின்னால். வெயில் வந்துவிட்டது. முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஏற்றத்தில் மெல்லப் போனது. அண்ணை ஹோன் அடித்து, காரை வலப்பக்கம் எடுத்து மிதித்தார். கார் ஒரே மூச்சில் லொறியைக் கடந்தது. கடந்ததும் காலை எடுத்துவிட்டார். வேகம் குறைந்து, ஜன்னலால் வயல் மணம் வந்தது.

அக்கா வீதியைப் பார்த்தபடி இருந்தா.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாம்" என்றா.